குழந்தையின் எடையும் இரவுத் தூக்கமும்

குழந்தையின் எடை சற்றுக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று, வீட்டில் முதலில் விசாரணைக்கு உள்ளாவது சாப்பாட்டுத் தட்டுதான். நெய் நிறுத்தப்படும், பிஸ்கட் டப்பா மேல் அலமாரிக்குப் போகும், பாட்டி ஊட்டிய ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குக் கேட்கப்படும். அடுத்ததாக, ஓடியாடி விளையாடுவதில்லை என்ற குறை எழும். குழந்தை எத்தனை மணிக்கு உறங்குகிறது, எத்தனை மணிக்கு எழுகிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தாலும் தலைகீழாகவே எழும். "எப்போது பார்த்தாலும் தூக்கம், அதனால்தான் உடம்பு போடுகிறது" என்பார்கள். ஆனால், கடந்த கால் நூற்றாண்டில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இதற்கு நேர்மாறான செய்தியையே சொல்கின்றன. தேவையான அளவு உறங்காத குழந்தைகளுக்குத்தான் எடை மிகும் வாய்ப்பு கூடுதலாக உள்ளது.

நம் நாட்டில் குழந்தைகளின் அதிக எடையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் எடை குறைந்தவர். அதே ஆய்வில் அதிக எடை உள்ள குழந்தைகளின் பங்கு 3.4 விழுக்காடுதான். ஆனால், முந்தைய ஆய்வில் அது 2.1 விழுக்காடாக இருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2016–18இல் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள் என்றும், சுமார் 5 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள் என்றும் கண்டது. நகரங்களிலும் வசதியுள்ள குடும்பங்களிலும் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். மக்கள் தொகை பெரிதாக உள்ள நாட்டில் ஐந்து விழுக்காடு என்பது சிறிய எண்ணிக்கையன்று.

ஒரு குழந்தை எடை மிகுந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்வது தவறாகிவிடும். கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். பெரியவர்களுக்கு இந்த எண்ணே போதும். வளரும் பிள்ளைகளுக்கோ இது வயதுக்கு வயது மாறும். ஆகையால், ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியே உள்ள வளர்ச்சி அட்டவணையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரையிலான இந்தியப் பிள்ளைகளுக்கென 2015இல் திருத்தி வெளியிட்ட அட்டவணை குழந்தை மருத்துவர்களிடம் இருக்கும். கேட்டுப் பார்க்கலாம்.

எவ்வளவு தூக்கம் போதும்?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வல்லுநர்களைக் கூட்டி, ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளை ஆராய்ந்து, வயதுவாரியாக ஓர் அளவை வகுத்தது. நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம். இரண்டு வயது வரை 11 முதல் 14. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 10 முதல் 13. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12. பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் கொடுத்த அளவும் ஏறக்குறைய இதுவே.

இந்த எண்களை ஒரு சராசரி நகர்ப்புற வீட்டின் கால அட்டவணையோடு பொருத்திப் பார்ப்போம். மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து ஏழு மணிக்குத் தெருமுனைக்கு வருகிறது என்றால், ஆறு மணிக்காவது எழ வேண்டும். ஒன்பது மணி நேரம் என்ற கீழ் எல்லையை எட்டுவதற்கே இரவு ஒன்பது மணிக்குக் கண் மூடியிருக்க வேண்டும். படுத்தவுடன் உறக்கம் வந்துவிடாது. எனவே எட்டரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். ஏழரைக்கு உணவு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் ஏழரைக்குத்தான் தனிப்பயிற்சி முடிந்து பிள்ளை வீடு திரும்புகிறது. தந்தையோ தாயோ பணியிலிருந்து வந்து சேர்வது எட்டு மணிக்கு. குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்பது ஒன்பதரைக்கு. பத்தரைக்கு விளக்கணைத்தால் மிஞ்சுவது ஏழரை மணி நேரம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் பற்று. வாரத்துக்கு ஐந்து பள்ளி நாள் என்று கொண்டாலும் ஏழரை மணி நேரம், அதாவது ஒரு முழு இரவு, குறைந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை உறங்கவிட்டால் ஈடாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வங்கிப் பணியில் உள்ளவர்களுக்குப் பழக்கமான மொழியில் சொன்னால், அது வட்டியில் ஒரு பகுதியைக் கட்டுவது போன்றது. அசல் அப்படியே நிற்கும். மேலும், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் தாமதமாக எழும் உடலின் உள் கடிகாரம் அன்றிரவும் தாமதமாகவே உறக்கத்தை அழைக்கும். திங்கட்கிழமை காலைப் போராட்டத்தின் தொடக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இருக்கிறது.

ஆய்வுகள் கண்டவை

ஜப்பானின் தொயாமா பகுதியில் 6, 7 வயதுடைய எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. தூக்கம் குறையக் குறைய உடற்பருமனின் வாய்ப்பு படிப்படியாக உயர்ந்ததை அது கண்டது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சுற்றியுள்ள பகுதியில் பிறந்த குழந்தைகளைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் புகழ்பெற்ற ஆய்வொன்று உண்டு. அதன் தரவுகளைக் கொண்டு 2005இல் வெளியான கட்டுரை, மூன்று வயதில் இரவில் பத்தரை மணிக்கும் குறைவாக உறங்கிய குழந்தைகள், பன்னிரண்டு மணிக்கு மேல் உறங்கியவர்களைவிட ஏழு வயதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றது.

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயம். தாமதமாக உறங்கும் பிள்ளை தொலைக்காட்சியையும் கைபேசியையும் அதிகம் பார்க்கும் பிள்ளையாகவும், நொறுக்குத் தீனி அதிகம் கிடைக்கும் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் அல்லவா? இரண்டு செலவினங்கள் ஒரே மாதத்தில் உயர்ந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எந்தத் தணிக்கையாளரும் எழுத மாட்டார். எடை மிகுந்ததால் மூச்சுத் தடைப்பட்டுத் தூக்கம் கெட்டிருக்கவும் கூடும். இத்தகைய சூழ்நிலைகளை ஆய்வாளர்கள் கணக்கில் கொண்டு கழித்துப் பார்ப்பது உண்மையே. ஆயினும், ஐயம் தீர வேண்டுமானால் தூக்கத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படி மாற்றிப் பார்த்த ஆய்வொன்று அமெரிக்காவில் சாண்டெல் ஹார்ட் என்பவரின் தலைமையில் நடந்து 2013இல் வெளியானது. 8 முதல் 11 வயது வரை உள்ள 37 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். எழும் நேரத்தை மாற்றாமல், ஒரு வாரம் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாகவும், மற்றொரு வாரம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகவும் அவர்களைப் படுக்கவைத்தனர். உணவில் எந்தக் கட்டுப்பாடும் விதிக்கவில்லை. அதிகம் உறங்கிய வாரத்தில் குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 கலோரி குறைவாக உண்டதாகப் பதிவாயிற்று. எடையும் சுமார் 220 கிராம் குறைவாக இருந்தது. 134 கலோரி என்பது ஏறக்குறைய இரண்டு இட்லி. யாரும் தட்டைப் பிடுங்காமலேயே இரண்டு இட்லி குறைந்திருக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. உடனே இதை 365ஆல் பெருக்கி, ஆண்டுக்கு இத்தனை கிலோ குறையும் என்று முடிவு கட்டக் கூடாது. உடல் கூட்டு வட்டிக் கணக்கில் இயங்குவதில்லை. வரவு குறைந்தால் செலவையும் அது ஓரளவு குறைத்துக்கொள்ளும். பங்கேற்றவர்கள் சிலரே, காலமும் மூன்று வாரமே. ஆயினும் திசை தெளிவாகத் தெரிகிறது.

நியூசிலாந்தின் டுனீடின் நகரில் எண்ணூறு குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வு இன்னும் நெடியது. குழந்தை பிறக்கும் முன்பும் பிறந்த சில வாரங்களிலும், குழந்தை தானாக உறங்கப் பழகுவதற்கான வழிகளைச் சில பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர். வேறு சிலருக்குத் தாய்ப்பால், உணவு, உடல் இயக்கம் ஆகியவை பற்றி மட்டும் கற்பித்தனர். குழந்தைகள் ஐந்து வயதை எட்டியபோது, தூக்கப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் உடற்பருமனின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. உணவையும் உடல் இயக்கத்தையும் பற்றிய அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் தெரியவில்லை. தட்டை மட்டும் விசாரிக்கும் நம் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இருக்க முடியாது என்பது என் கருத்து.

உடலுக்குள் நிகழ்வது

பசியையும் நிறைவையும் மூளைக்குத் தெரிவிக்கும் இயக்குநீர்கள் பல. அவற்றுள், போதும் என்று சொல்லும் லெப்டின் 1994இலும், பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ள 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டனர். வேறொரு முறை பத்து மணி நேரம் படுக்கவிட்டனர். குறைவாக உறங்கியபோது லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. பசி கூடியது. அதைவிட முக்கியமானது, எதன் மீது பசி கூடியது என்பது. இனிப்பு, உப்புச் சுவையுள்ள வறுவல், மாவுப் பண்டம் ஆகியவற்றின் மீது நாட்டம் மிகுந்தது. காய்கறிகளின் மீது அந்த அளவுக்கு இல்லை.

ஆனால், குழந்தைகளிடம் இதே கணக்கு அப்படியே பொருந்துகிறது என்று சொல்வதற்கில்லை. மேலே குறிப்பிட்ட ஹார்ட் ஆய்வில், அதிகம் உறங்கிய வாரத்தில் லெப்டின் உயர்வதற்கு மாறாகக் குறைந்தே இருந்தது. கிரெலினில் வேறுபாடே இல்லை. தூக்கம் குறைந்தால் லெப்டின் குறைந்து எடை கூடும் என்று ஒரே வரியில் சொல்லும் விளக்கங்கள் குழந்தைகளைப் பொறுத்தவரை அவசரமானவை. விளைவு கண்ணுக்குத் தெரிகிறது; அதற்கு வழி ஒன்றல்ல, பல.

அவற்றுள் சில மிக எளியவை. விழித்திருக்கும் நேரம் கூடினால் உண்ணும் நேரமும் கூடும். இரவு பத்து மணிக்கு விழித்திருக்கும் குழந்தை கேட்பது வெள்ளரிக்காய் அன்று. உறக்கம் போதாத மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதி விழிப்பாகவும், வேண்டாம் என்று தடுக்கும் பகுதி சோர்வாகவும் இருக்கும். மறுநாள் மாலை விளையாடும் உற்சாகமும் குறையும். இவற்றோடு இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மையும் குறைகிறது. சிறு குழந்தைகளிடம் ஒரு விந்தை உண்டு: உறக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார், குழந்தையோ துறுதுறுவென்று அலைந்து, சிணுங்கி, அடம்பிடிக்கும். அதை அடக்க ஒரு சாக்லேட் கொடுக்கப்படும். உறக்கத்தைக் கேட்ட உடலுக்குச் சர்க்கரை கிடைக்கிறது.

மெலிந்த குழந்தைகளின் பெற்றோர் இது தமக்கானதன்று என்று விட்டுவிட வேண்டாம். வளர்ச்சி இயக்குநீர் பெருமளவில் சுரப்பது முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில்தான். நன்றாக உறங்கினால் மெலிந்த குழந்தை மேலும் மெலியும் என்பதில்லை. வளர்வதற்கு இருவருக்கும் அதே உறக்கம் வேண்டும்.

கடிகாரமும் பள்ளி மணியும்

இந்தப் பொறுப்பு முழுவதையும் பெற்றோரின் தலையில் ஏற்றுவதும் சரியன்று. நம் நாடு மேற்கே சுமார் 68 பாகை தீர்க்கரேகையிலிருந்து கிழக்கே 97 பாகை வரை பரந்தது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் இரு முனைகளுக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேர வேறுபாடு. ஆனால் கடிகாரம் ஒன்றுதான். அது 82½ பாகை தீர்க்கரேகையின் நேரம். மாற்றல் ஆணை பெற்று அசாமிலும் குஜராத்திலும் பணியாற்றிய நம் வங்கி நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள்: டிசம்பரில் திப்ருகரில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும், துவாரகையில் ஆறு மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும்.

உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் இருள் கவிந்த பின்னரே சுரக்கத் தொடங்குவது. ஆகவே, சூரியன் தாமதமாக மறையும் ஊர்களில் குழந்தைகள் தாமதமாக உறங்குகின்றனர். பள்ளி மணியோ கடிகாரத்தின்படி அடிக்கிறது. மௌலிக் ஜக்னானி என்ற பொருளியலாளர் இந்தியாவின் தேசியப் புள்ளிவிவரங்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். சூரிய மறைவு ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் குழந்தைகளின் தூக்கம் சுமார் அரை மணி நேரம் குறைகிறது என்று அவர் கண்டார். அவர் தேடியது கல்வியில் அதன் விளைவை, எடையை அல்ல. எனினும், ஒரு குழந்தையின் தூக்கத்தைத் தீர்மானிப்பதில் அந்தக் குழந்தையின் விருப்பத்துக்கு எவ்வளவு சிறிய பங்கு உள்ளது என்பது இதில் விளங்கும்.

2022 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு வழக்கமான பத்தரை மணிக்குப் பதிலாக ஒன்பதரைக்கே விசாரணையைத் தொடங்கியது. பிள்ளைகள் ஏழு மணிக்குப் பள்ளிக்குச் செல்ல முடியுமானால் நாம் ஒன்பது மணிக்கு வர முடியாதா என்ற பொருளில் அவர் பேசியது செய்தியாயிற்று. நீதிமன்றத்தின் சுறுசுறுப்புக்காகச் சொல்லப்பட்ட அந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து கேட்டால் வேறு பொருள் கிடைக்கிறது. மகாராஷ்டிர அரசு அதைத்தான் கேட்டது போலும். மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை காலை ஒன்பது மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2024 பிப்ரவரியில் அது ஆணையிட்டது. இரண்டு வேளைகளாக இயங்கும் பள்ளிகளுக்கும், பள்ளிப் பேருந்து நடத்துவோருக்கும், காலையில் வேலைக்கு விரையும் பெற்றோருக்கும் இதில் இடர்ப்பாடு உண்டு. பள்ளி தாமதமானால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தானே படுப்பார்கள் என்ற வாதமும் எழுந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியது. கொடுத்த 55 நிமிடத்தில் பெரும்பகுதியை அவர்கள் உறக்கத்தில்தான் செலவிட்டார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

பள்ளி மணி மாறும் வரை வீட்டில் மாற்ற முடிவது மாலை நேரந்தான். முதலில் மாற்ற வேண்டியது குழந்தையின் உணவு நேரம். பெரியவர்கள் வரும் வரை குழந்தையைக் காத்திருக்க வைப்பது அன்பின் பாற்பட்டதுதான். ஆனால் பள்ளி நாட்களில் குழந்தை ஏழரைக்கு உண்டுவிட்டு, வார இறுதியில் அனைவரும் சேர்ந்து உண்ணலாம். தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் இது எளிது. கைபேசியும் தொலைக்காட்சியும் படுக்கையறைக்கு வெளியே இருக்க வேண்டும். குழந்தையின் கைபேசி மட்டுமன்று, பெற்றோருடையதும். குழந்தைகளின் கண் பெரியவர்களின் கண்ணைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதால், இரவு வெளிச்சம் அவர்களுடைய மெலடோனினைக் கூடுதலாகக் குறைக்கிறது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டின் பெரிய விளக்குகளை அணைத்துவிடுவது பயன் தரும். மாலை ஐந்து மணிக்குக் கொடுக்கும் தேநீரில் உள்ள காஃபின் ஒன்பது மணிக்கும் உடலில் கணிசமாக மிஞ்சியிருக்கும்; காப்பி, கோலா பானங்கள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

பத்தரைக்கு உறங்கும் பிள்ளையை நாளையே எட்டரைக்குப் படுக்கவைக்க முயன்றால் சண்டையில்தான் முடியும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னகர்த்தினால் மூன்று வாரத்தில் அங்கே போய்ச் சேரலாம். குழந்தைக்குத் தனி அறை வேண்டும் என்ற மேலைநாட்டு அறிவுரையை நாம் பின்பற்ற வேண்டிய தேவை இல்லை. பாயில் அம்மாவின் அருகில் படுக்கும் பிள்ளையும் நன்றாகவே உறங்கும், அம்மாவின் கையில் கைபேசி ஒளிராதிருந்தால்.

ஒன்றை மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு விடக் கூடாது. குறட்டை விடும் குழந்தை அயர்ந்து உறங்குகிறது என்று மகிழ்பவர்கள் பலர். சளி பிடித்த நாட்களில் தவிர, வாரத்தில் பல இரவுகள் குறட்டை கேட்டால், வாயால் மூச்சு விட்டால், இடையிடையே மூச்சு நின்று திணறினால், உறக்கத்தில் மிகுதியாக வியர்த்தால், வளர்ந்த பின்னும் படுக்கை நனைந்தால், டான்சில் அல்லது அடினாய்டு வீங்கி மூச்சை அடைக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை மிகுந்த குழந்தைகளுக்கு இத்தொல்லை அதிகம். தொல்லை தூக்கத்தைக் கெடுக்க, கெட்ட தூக்கம் எடையைக் கூட்டும். மெலிந்த குழந்தைகளுக்கும் இது வரும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில குழந்தைகளுக்கு எடை கூடுவதுண்டு. மெலிந்திருந்த குழந்தைக்கு அது நன்மை. ஏற்கெனவே எடை மிகுந்த குழந்தைக்கோ உணவிலும் விளையாட்டிலும் அப்போது கவனம் தேவை.

மருத்துவரிடம் செல்வதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சிறிய நோட்டில் குறித்து வைத்தால் அவருக்கு உதவியாக இருக்கும்: படுத்த நேரம், உண்மையில் கண் மூடிய நேரம், எழுந்த நேரம், தானாக எழுந்ததா எழுப்பப்பட்டதா, பகலில் உறங்கியதா, குறட்டை இருந்ததா, இரவு உணவு எத்தனை மணிக்கு. விடுமுறை நாட்களையும் விடாமல் எழுத வேண்டும். பள்ளி நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள வேறுபாடுதான் மருத்துவர் முதலில் பார்க்க விரும்பும் வரி.